கதவடி ரப்பர்

கிள்ளானில் என் தங்கை வீட்டுக் கார் கொட்டகைக் கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். மாலை மழை சாய்ந்தடித்தால் தண்ணீர் அடுத்த அறைவரை ஓடும். அங்கேதான் அம்மாவின் கட்டில். மூட்டுவலியால் அவருக்கு மாடிப்படி ஏற முடியாது.

கதவடியில் பொருத்த, கடையில் இரண்டு வகைப் பட்டைகள் காட்டினார்கள். ஒன்று நமது பால்மரத்து ரப்பர். மற்றது இ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பர்; பெட்ரோலியத்திலிருந்து வருவது.

"நம்ம மரத்துப் பாலையே வாங்குப்பா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது வருடம் இருட்டோடு எழுந்து மரம் சீவியவர், வேறெப்படிச் சொல்வார்? ஆனால் இயற்கை ரப்பருக்கு வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ஆகாது, நாளடைவில் வெடித்துவிடும். வெளிக்கதவுக்குச் செயற்கையே சரி. (விமான டயர் என்றால் நான் அம்மா கட்சி. அதற்கு இன்றும் பெரும்பாலும் பால்மரத்து ரப்பர்தான்.)

"வெள்ளத்தையும் தடுக்குமா அண்ணா?" என்றாள் தங்கை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை அவள் மறக்கவில்லை. தடுக்காது. 8 அடி அகலக் கதவில் அரை மீட்டர் நீர் நின்றாலே ஏறக்குறைய 300 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும். பட்டை சாரலுக்கும் பூரானுக்கும்தான்.

ஆகவே பட்டையை ஒட்டிய கையோடு, மாப்பிள்ளையும் நானும் அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி ஒத்திகை பார்த்தோம். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்த பிறகுதான் தூக்கவிட்டார்.