ஒன்பது மில்லிமீட்டர்ப் பாதை

பொம்மை ரயில் குழந்தைகளின் பொருள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் இருவர். ஒருவன் பத்து வயது நிரம்பிய என் மகன். மற்றவர் எழுபத்தேழு வயது நிரம்பிய ஒரு ஜப்பானியப் பெரியவர்.

வேலையின் பொருட்டுக் குடும்பத்தோடு டோக்கியோவில் குடியேறி ஐந்தாண்டுகள் ஆகின்றன. காலையில் மகன் விழிக்கும் முன் புறப்பட்டு, இரவில் அவன் உறங்கிய பின் வீடு திரும்புவது என் வழக்கம். இந்தக் குறையை ஈடு செய்ய நான் கண்ட வழி, அவன் கேட்டதை வாங்கிக் கொடுப்பது. அவன் கேட்டது ரயில். அதுவும் 'கட்டோ' ரயில்.

கடையில் விலையைக் கண்டு திகைத்தேன். வண்டியைக் கையில் வாங்கிப் பார்த்த பின்போ, விலையை மறந்தேன். ஒரு பெட்டி ஒரு சாணுக்கும் குறைந்த நீளம். அதற்குள் இருக்கைகள் உண்டு. பக்கவாட்டில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டோ என்பது அதை நிறுவியவரின் பெயர். யூஜி கட்டோ என்பார் 1957-இல் தொடங்கிய தொழில் அது. 1965-இல் அந்நிறுவனம் சி50 என்னும் நீராவி எஞ்சினையும் அதற்கேற்ற பயணிகள் பெட்டிகளையும் சிற்றுருவில் வெளியிட்டது. ஜப்பானில் உருவான முதல் 'என்' அளவு ரயில் அதுவே. உலகை வியக்க வைத்த புல்லட் ரயில் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபரில். பெரிய ரயிலில் வேகத்தைக் காட்டிய நாடு, மறு ஆண்டே சிறிய ரயிலில் நுட்பத்தைக் காட்டியது.

'என்' என்னும் எழுத்து ஒன்பதைக் குறிக்கும். ஆங்கிலத்திலும் ஜெர்மனியிலும் ஒன்பதுக்கான சொல் அவ்வெழுத்தில்தான் தொடங்குகிறது. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒன்பது மில்லிமீட்டர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேனாட்டு ரயில்களின் பாதை 1435 மி.மீ. அகலம், அதை 160-இல் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறத்தாழ ஒன்பது வரும். ஜப்பானின் பழைய ரயில்பாதையோ 1067 மி.மீ. அகலமே உடையது. வண்டிகளும் உருவில் சிறியவை. எனவே அங்கே வண்டிகளை 150-இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பாதை ஏழு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்க வேண்டும். ஆயினும் உலகம் ஓடும் ஒன்பதிலேயே இவர்களும் ஓட்டுகிறார்கள். சன்னலின் சட்டத்தைக்கூடப் பிசகாமல் வடிக்கும் கைகள், சக்கரத்தினடியில் மட்டும் ஒரு சிறு பொய்யைத் தெரிந்தே அனுமதித்திருக்கின்றன. பிறரோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் எவரும் சிறிது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்!

ஆனால் அந்த விட்டுக்கொடுத்தல் எல்லா இடத்திலும் இல்லை. டோமி என்னும் பொம்மை நிறுவனம் 1976-இல் 'டோமிக்ஸ்' என்ற பெயரில் இத்துறையில் இறங்கியது. கட்டோவின் வழக்கமான நேர்த்துண்டு 248 மி.மீ. நீளம்; டோமிக்ஸின் துண்டு 280. இரட்டைப் பாதையின் இடைவெளி ஒன்றில் 33, மற்றதில் 37. அகலம் ஒன்றே ஆனாலும், ஒன்றின் முனை மற்றொன்றின் முனையில் நேராகப் பொருந்தாது. பிற நிறுவனப் பாதைகளோடு இணைப்பதற்கென்றே கட்டோ 62 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டை விற்கிறது. என் மகன் அதை வாங்கித் தரும்படி கேட்டபோது, வீண்செலவு என்று எண்ணிக்கொண்டேதான் வாங்கினேன்.

எங்கள் பகுதியின் பொதுக்கூடத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு ரயில் ஆர்வலர்கள் கூடுவார்கள். மேசைகளை ஒட்டிப் போட்டுப் பாதை அமைப்பார்கள். ரயில் நிலையங்கள், மின்கம்பங்கள், கடைகள், சிறு மனிதர்கள் எல்லாம் பெட்டிகளிலிருந்து வெளிவரும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று மகனை அங்கே அழைத்துச் சென்றேன். மற்றவர்களின் ரயில்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஒரு பெரியவரின் ரயில் மட்டும் நேர்பாதையில் ஓடியது. கரிய சி62 எஞ்சின். பின்னால் பழுப்புப் பெட்டிகள். ஒரு முனையில் வெனோ; மறுமுனையில் அவோமோரி. ரயில் அவோமோரியை அடைந்ததும் பெரியவர் ஒவ்வொரு பெட்டியாகக் கையில் எடுத்துக் கொண்டுபோய் மீண்டும் வெனோவில் வைப்பார். மறுபடியும் வடக்கு நோக்கி ஓட்டுவார்.

இவ்வகை ரயிலுக்கு மின்சாரம் இரு தண்டவாளங்களின் வழியே வருகிறது, அதிகம் போனால் பன்னிரண்டு வோல்ட். அதன் போக்கை ஒரு விசையால் மாற்றினால் வண்டி தானே பின்னோக்கி வரும். இது என் மகனுக்குத் தெரியும். எனவே பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். ஜப்பானிய மொழி என்னைவிட அவனுக்கு நன்கு வரும். பெரியவர் சொன்னதை அவனே எனக்குத் தமிழில் சொன்னான்.

"ஊருக்குப் போற ரயில் மட்டும்தான் அவங்களுக்கு வேணுமாம், வாப்பா."

பின்னர் மெல்ல மெல்லக் கதை வந்தது. 1954 முதல் 1975 வரை ஜப்பானின் வடகிழக்கு ஊர்களிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தனி ரயில்களில் ஏற்றித் தலைநகருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். நடுநிலைப்பள்ளி முடித்த கையோடு பயணம். வெனோ நிலையத்தில் முதலாளிகள் காத்திருப்பார்கள். அப்பிள்ளைகளுக்குத் 'தங்க முட்டைகள்' என்று பெயர். பெரியவரும் அவர்களுள் ஒருவர். 1963-இல் ஒரு கடைசல் பட்டறைக்கு வந்தார். மூன்றாம் குளிர்காலத்தில் தந்தை இறந்த செய்தி வந்தது. நடைமேடையில் கண்டதே கடைசி.

"அன்று எங்களை இழுத்துவந்தது இந்த எஞ்சின்தானா என்பது நினைவில்லை. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார் பெரியவர்.

அவோமோரி நிலையத்தின் நடைமேடை வெறுமையாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர் உயர மனிதர்களைக் கடையில் விற்கிறார்களே, ஏன் ஒருவரைக்கூட நிறுத்தவில்லை என்று மகன் கேட்டான். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றின் முகமும் ஒத்து வரவில்லை" என்றார். அந்த அளவுப் பொம்மைக்கு முகம் ஏது?

அவருடையது டோமிக்ஸ் பாதை. மகன் தன் பையைத் திறந்து, தன் கட்டோ துண்டுகளையும் அந்த 62 மி.மீ. இணைப்பையும் எடுத்து நீட்டினான். பாதை ஒன்றரை மேசை நீண்டது. பெரியவர் அவோமோரி நிலையத்தைத் தூக்கிப் புதிய முனையில் வைத்தார். "ஊர் இன்னும் தள்ளிப் போய்விட்டதே" என்று சிரித்தார். உண்மையான தொலைவு 700 கிலோமீட்டருக்கும் மேல்; இந்த அளவில் அமைத்தாலும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வேண்டும். மேசைகள் போதா. ஆயினும் அன்று பிற்பகல் முழுவதும் அந்த ரயில் இரு நிறுவனப் பாதைகளின் மீதும் வடக்கு நோக்கியே ஓடியது.

வீடு திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "நீங்க உங்க வாப்பாவைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு?"

நான்கு ஆண்டுகள். சொல்வதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. அவன் மறுபடி கேட்கவில்லை.

வாரந்தோறும் தொலைபேசியில் வாப்பா, "எப்ப வர்றே?" என்பார்கள். "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம்" என்பது என் மனப்பாடம். அன்றிரவும் கேட்டார்கள். முதன்முறையாக ஆண்டைச் சொல்லாமல் தேதியைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை.

புறப்படும் நாளுக்கு முன்தினம் மகன் தன் ரயிலைத் துணிகளுக்கிடையே பொதிந்து வைத்தான். அந்த 62 மி.மீ. துண்டும் பெட்டியில் கிடந்தது. ஊரில் எங்கள் வீட்டில் அதோடு இணைக்க வேறு தண்டவாளம் எதுவும் இல்லை. அவனிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பெட்டியை மூடிப் பூட்டினேன்.