மண்ணீரலில் இருந்த காசம்

ஜனவரி 9, 2024, செவ்வாய். கற்பிட்டி

நானாவுக்கு இன்றும் அந்திக் காய்ச்சல். அஸருக்குப் பிறகு குளிர் பிடிக்கிறது. விடியுமுன் சாரமெல்லாம் வியர்வையில் நனைந்துவிடுகிறது. நாள் முழுக்கக் கருவாட்டு வாடியில் நிற்கிறவர், இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறதென்று பாதியில் வந்து படுக்கிறார். இருமல் இல்லை. உடம்பு மட்டும் கரைகிறது.

"வயித்தில கட்டி விழுந்திருக்கு, மலேரியாதான்" என்கிறார் உம்மா. அவர் பயத்தில் நியாயம் உண்டு. 1934–35இல் இந்த நாட்டில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோன நோய் அது. பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றை அமுக்கி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஓர் ஊரின் மலேரியாவை அந்தக் காலத்தில் அளந்தார்கள். ஆனால் 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லாத நிலையில், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் தந்தது. என்றாலும் இரத்தம் பார்த்தார்கள். மலேரியாவும் இல்லை, டெங்குவும் இல்லை.

ஜனவரி 24, புதன்

ஸ்கேனில் மண்ணீரல் பெருத்திருக்கிறது. உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சிறு புள்ளிகள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். நானா சீனி வருத்தக்காரர் என்பதால் டொக்டரின் முதல் சந்தேகம் மெலியோய்டோசிஸ் மேல். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி. மண்ணீரலில் சீழ்க்கட்டி வைக்கும். அடுத்தது லிம்போமாப் புற்றுநோய். மூன்றாவதாகத்தான் காசத்தைச் சொன்னார். இருமாத மனிதருக்குக் காசமா என்று மச்சான் சண்டைக்கே போய்விட்டார்.

"மண்ணீரலை எடுத்திட்டாப் போச்சே" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டதற்கு டொக்டர் பொறுமையாக விளக்கினார். நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளை இரத்தத்திலிருந்து வடிகட்டுவது அதுதான். எடுத்தால் தடுப்பூசிகள் போட வேண்டும், சிறு காய்ச்சலுக்கும் பயந்து வாழ வேண்டும். என்ன நோயென்று தெரியாமல் கத்தி வைக்கமாட்டாராம். அந்த வார்த்தைக்காகவே அவருக்கு துஆ செய்தேன்.

பெப்ரவரி 8, வியாழன். கொழும்பு

மண்ணீரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. பயொப்சிக்குச் சதை எடுக்க ஊசி குத்தினால் உள்ளே கசியக்கூடும் என்பதால் இரத்தம் உறைகிற விதத்தை முன்கூட்டியே சோதித்தார்கள். திரையில் ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி டொக்டர் ஊசியை இறக்கினார். நானா மூச்சைப் பிடித்துக்கொண்டார், ஒரு கணந்தான். நூல் துண்டு போன்ற சதை சின்னப் போத்தலுக்குள் விழுந்தது. பிறகு மணிக்கணக்காகப் படுக்கை. தாதி வந்து வந்து நாடியும் பிரஷரும் பார்த்தார்.

பெப்ரவரி 16, வெள்ளி

காசம்தான். சதையில் காசத்துக்கே உரிய கிரனுலோமாக்கள், நடுவில் செத்துப்போன திசு. ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையில் கிருமி அகப்பட்டிருக்கிறது; ரிஃபாம்பிசின் என்ற காச மருந்து அதற்கு வேலைசெய்யும் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இன்னும் வாரங்கள் போகும். எப்போதோ மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் ஏறி மண்ணீரலில் தங்கியிருக்கிறது. சீனி உடம்பின் எதிர்ப்பைக் குறைத்ததும் தலைதூக்கியிருக்கிறது. புற்றுநோய் இல்லையென்று நானா அழுதார். நானும்தான்.

பெப்ரவரி 19, திங்கள்

மார்பு நோய்க் கிளினிக்கில் மருந்து ஆரம்பம். நான்கு மருந்தும் சேர்ந்த மாத்திரை, அவருடைய நிறைக்கு மூன்று. தினமும் கிளினிக்காரர் கண்முன்னே விழுங்க வேண்டும். மருந்துக்குக் காசு எடுப்பதில்லை. இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும் மட்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்; கண் மங்கினாலோ மஞ்சளானாலோ உடனே ஓடிவர வேண்டும். ரிஃபாம்பிசின் சில சீனிக் குளிசைகளின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் அவருடைய சீனி மருந்தையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

காச நோய் நாள். 1882இல் இதே திகதியில்தான் ரொபர்ட் கொக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தார். இங்கே ரமழான். நோன்பு பிடிக்க முடியவில்லையென்று நானாவுக்குப் பெரிய மனவருத்தம். "நோயாளிக்குச் சலுகை இருக்கு, சுகமானதும் களாச் செய்யுங்க" என்று மௌலவி வீட்டுக்கே வந்து சொன்ன பிறகுதான் காலையில் முகம் சுளிக்காமல் மாத்திரை எடுக்கிறார்.

நானாவைத் தனியாக எங்காவது வைக்கச் சொல்கிறவர்களுக்கு நான் சென்னைக் கதையைச் சொல்கிறேன். 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்தெடுத்தவர்களும் சானட்டோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். அவர்களுக்கு இருந்தது நுரையீரல் காசம். நானாவின் நுரையீரலில் ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் இருந்து சோறு தின்ன யாரும் பயப்படத் தேவையில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

காய்ச்சல் போய்விட்டது, நிறை ஏறுகிறது. இந்த நேரத்தில்தான் ஆட்கள் மருந்தை விட்டுவிடுகிறார்களாம். விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாகிவிடலாம். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள், யாருக்கும் இல்லை. வாடியில் வேலைசெய்யும் ஒரு பொடியன் வாரக்கணக்காக இருமுகிறான். "ஊருக்குக் காய்ச்சலெண்டே சொல்லுவம்" என்று ராத்தா கெஞ்சினார். நான் கேட்கவில்லை. நானாவுக்குக் காசமென்று வாடியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மறுநாள் அந்தப் பொடியன் தானாகவே போய்ச் சளி கொடுத்துவிட்டு வந்தான்.

ஓகஸ்ட் 22, வியாழன்

மருந்து முடிந்தது. ஸ்கேனில் மண்ணீரல் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆறிய இடங்களில் கல்சியப் புள்ளிகள் சில மிஞ்சியிருக்கின்றன. வாழ்நாள் முழுக்க இருக்கலாமாம். பிற்காலத்தில் வேறெதற்காவது ஸ்கேன் எடுக்கிற டொக்டர் அதைப் புதுநோயென்று நினைக்காதிருக்க, பயொப்சி றிப்போட்டையும் கிளினிக் கார்டையும் எப்போதும் கூடக் கொண்டுபோகச் சொன்னார். இரண்டையும் போட்டோகொப்பி எடுத்து ஒன்றை ராத்தாவிடமும் ஒன்றை என்னிடமும் வைத்திருக்கிறோம்.