எரிமலையின் காலடியில் பித்தோன் சேந்த்-ரோஸ்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவு. அதன் கிழக்குக் கரையில் சேந்த்-ரோஸ் நகராட்சியைச் சேர்ந்த சிற்றூர் பித்தோன் சேந்த்-ரோஸ். கரும்பு, மழை, கடலை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலை, சாலையோரம் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். அந்தக் கரையில் பல ஊர்கள் இப்படித்தான் இருக்கும். இந்த ஊரைத் தேடி ஆட்கள் வருவது தேவாலயத்தின் வாசலைப் பார்க்க. எரிமலைக் குழம்பு வாசல் வரை ஓடிவந்து, கரும்பாறையாக இறுகிக் கிடக்கிறது.

ஊருக்குத் தென்மேற்கே நிற்கிறது பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை. உயரம் 2,632 மீட்டர். அடிவாரத்திலிருந்து பார்த்தால் எரிமலை என்றே தோன்றாது. கூம்பும் கிடையாது, செங்குத்தான சிகரமும் கிடையாது. பரந்து சரியும் ஒரு மேடு, அதன் உச்சியில் எப்போதும் மேகம். இது கேடய எரிமலை. இதன் குழம்பில் சிலிக்கா குறைவு. சுமார் 1,150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வரும்போது வெல்லப்பாகு மாதிரி ஓடும். உள்ளேயிருக்கும் வாயுக்கள் சுலபமாகப் பிரிந்துவிடுவதால், பயங்கரமாக வெடித்துச் சிதறுவது அபூர்வம். ஐந்து லட்சம் வருடங்களுக்கும் மேலாகக் குழம்பு ஓடி, ஆறி, அதன்மேல் மறுபடி ஓடி எழுந்த மலை இது. கண்ணுக்குத் தெரியும் தீவு வெறும் நுனிதான். கடலடியிலிருந்து கணக்கிட்டால் சுமார் 7,000 மீட்டர் உயரம் வரும்.

இந்த நெருப்பின் பழைய வரலாறு நம் பக்கம்தான் தொடங்குகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் குழம்பு பரவிய காலத்தில், இந்தியா இந்த மலைக்குத் தீனி போடும் வெப்பப்புள்ளியின் (பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் இடத்தின்) மேல் இருந்தது. பிறகு இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தது. வெப்பப்புள்ளி தன் வேலையை நிறுத்தவில்லை. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளமும், பிறகு மொரீசியஸும், கடைசியாக ரீயூனியனும் அதன் வழித்தடத்தில் எழுந்தவை. அஜந்தாவில் குடைந்த பாறையும் இந்தத் தேவாலய வாசலில் கிடக்கும் பாறையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதுதான் பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து.

17ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த எரிமலை 150 முறைக்கு மேல் பொங்கியிருக்கிறது. பெரும்பாலும் உச்சியைச் சுற்றியுள்ள ஆங்க்லோ ஃபூக்கே என்ற பெரும்பள்ளத்துக்குள்தான். குதிரை லாட வடிவிலான அந்தப் பள்ளத்துக்கு மூன்று பக்கம் மதில் போன்ற பாறைச்சுவர். கிழக்கே மட்டும் கடலை நோக்கித் திறப்பு. குழம்பு அந்த வழியாக, ஆளில்லாத கிரான் ப்ரூலே சரிவில் இறங்கிக் கடலில் சேரும். சாலைதான் அறுபடும், ஊருக்கு ஒன்றும் ஆகாது.

1977 ஏப்ரலில் அந்தக் கணக்கு தவறியது. பாறைச்சுவருக்கு வெளியே, ஊருக்கு மேலே சரிவில் நிலம் பிளந்தது. மக்களை வெளியேற்றினார்கள். குழம்பு ஊருக்குள் புகுந்து, நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலுக்குப் போனது. வழியிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. தேவாலயத்தின் முன் வந்ததும் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் சுற்றிக்கொண்டது. முன்வாசல் வழியாகக் கொஞ்சம் உள்ளே நுழைந்து அங்கேயே நின்றுவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அற்புதம் என்றார்கள், 'லாவாக்களின் அன்னை' என்று தேவாலயத்துக்குப் பெயரும் மாறியது.

அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாசலில் நின்று படம் எடுப்பவர்கள் அப்படியே திரும்பி, சுற்றிலும் பார்க்க வேண்டும். அந்தப் பாறைக்கடியில் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளிலும் ஜெபம் செய்திருப்பார்கள்.

1977 விட்டுச்சென்ற நல்ல விளைவு ஒன்று உண்டு. அதுவரை இந்த எரிமலைக்கென்று நிரந்தரக் கண்காணிப்பு நிலையம் இல்லை. அந்தச் சீற்றத்துக்குப் பிறகுதான், மலையின் மேற்கே பூர்-முராவில் ஆய்வகம் அமைந்தது. கற்குழம்பு மேலே ஏறும்போது உச்சி சில சென்டிமீட்டர் உப்பும். சிறு நிலநடுக்கங்கள் கூட்டமாக வரும். கருவிகள் இதைப் பிடித்துவிடும். 2007 ஏப்ரலில் தெற்கே த்ரம்ப்ளே அருகே நூறாண்டில் காணாத அளவு குழம்பு பீறிட்டபோது, உச்சியிலுள்ள தொலோமியு எரிமலைவாயின் தரை 300 மீட்டருக்கும் கீழே இடிந்து இறங்கியது. கொதித்த கடலில் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. அப்போதும் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. இன்று இந்த ஊர்களைக் காப்பது எது என்று யாராவது கேட்டால், நான் இந்த ஆய்வகத்தைத்தான் சொல்வேன்.

சேந்த்-ரோஸிலிருந்து தெற்கே போகும் சாலையில், ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துக்கும் அது வந்த வருடத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பலகை இல்லாவிட்டாலும் கண்ணே வயது சொல்லிவிடும். புதிய பாறை கன்னங்கரேல். சில வருடங்களில் அதன்மேல் சாம்பல் வெள்ளையில் கற்பாசி படரும். பிறகு வெடிப்புகளில் பெரணி துளிர்க்கும். மழை கொட்டும் கரை என்பதால் கொஞ்ச காலத்தில் சிறு மரங்களும் வந்துவிடும். பழைய ஓட்டங்களின் மேல் எழுந்த காட்டு நிழலில் வனிலாக் கொடி வளர்க்கிறார்கள்.

நெருப்பைத் தவிர இந்தத் தீவோடு நமக்கு இன்னொரு உறவும் உண்டு. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், இதன் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். மல்பார் என்று அழைக்கப்படும் அவர்களின் வாரிசுகள் இன்றும் இங்கே கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள், தீமிதிக்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் குறைவு. வீட்டுப் பேச்சு கிரியோல்.

ரீயூனியன் போகிறவர்கள் இந்த ஊருக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். மறுநாள் எரிமலை உச்சிக்கு நடக்க நினைத்தால், பா தெ பெல்கோம்ப் என்ற இடத்தில் பெரும்பள்ளத்துக்குள் இறங்கும் பாதைக்கு ஒரு கதவு இருக்கும். எச்சரிக்கை வந்ததும் அதைப் பூட்டிவிடுவார்கள். பூட்டியிருந்தால் தாண்டிக் குதிக்காமல் திரும்பிவிடுங்கள்.