காத்தைக் குறைங்க பாஸ்!

கூரை மேல மடிச்சு வெச்ச டென்ட், பின்னாடி குட்டி ஃப்ரிட்ஜ், நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ்... நமீபியாவில் இப்படியொரு கேம்ப்பரை வாடகைக்கு எடுத்தா தலையில கொம்பு முளைச்ச மாதிரி இருக்கும். நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டுற நாடு வேற. உடனே பறக்கத் தோணுமே?

பொறுங்க பாஸ்! அங்கே பெரும்பாலும் ஜல்லி ரோடு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நகர்த்தும்; பிரேக் அடிச்சா சீக்கிரம் நிறுத்தாது. எதிரே யாருமே இல்லாமல், வழுக்கியே வண்டி குட்டிக்கரணம் போடும். சாதாரண இன்ஷூரன்ஸில் பல சமயம் இதுக்குப் பைசா வராது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படிங்க. 80-ஐத் தாண்டாதீங்க.

செம்மணல் குன்றுகளுக்கு நடுவே இருக்கிற சோசஸ்ஃப்ளேக்கு, செஸ்ரியம் கேட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தார் ரோடு. கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். அங்கே நான் செய்த முதல் வேலை, நாலு டயரிலும் காத்தைப் பாதிக்குப் பக்கமாக இறக்கியதுதான். டயர் அகலமாகப் பரவினால் மணலில் புதையாது. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி காத்தடிக்கணும். அதனால வண்டி எடுக்கும்போதே கம்ப்ரஸர் இருக்கான்னு பாருங்க.

அப்புறமென்ன... டெட்ஃப்ளேயில் காஞ்சு நிற்கிற மரங்களுக்கு நடுவே எத்தனை போட்டோ வேணும்னாலும் எடுங்க!