காலத்தே சொல்லிய மறுப்பு

விழா மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று வேண்டியபோது யான் முதலிற் கூச்சமடைந்தேன். நம் கல்லூரித் தாயின் மக்களுள் வைத்தியரும் நியாயவாதிகளும் பொறியியலாளரும் பலர். யானோ கனடாவிற் பாரவூர்தி செலுத்தும் சாரதி. ஆயினும், அக்கல்லூரியிற் கற்ற பாடமொன்று ஒரு வேலையை ஏற்கும்போதன்றி அதனை மறுக்கும்போது எனக்குத் துணைநின்ற வரலாற்றைக் கூறலாமெனத் துணிந்தேன்.

ஒன்ராறியோ மாகாணத்திற் பெரும் பாரவூர்தி செலுத்த விரும்புவோர் 2017 ஆம் ஆண்டு ஜூலை முதல் 103.5 மணி நேரப் பயிற்சியேனும் பெற்றே உரிமப் பரீட்சைக்குத் தோற்றல் வேண்டும். வார நாட்களிற் களஞ்சியசாலை ஒன்றிற் பெட்டி சுமந்து, வார இறுதிகளிற் பயின்று, 2022 இல் யான் உரிமம் பெற்றேன். உரிமம் கிடைத்ததேயன்றி வேலை கிடைக்கவில்லை. அனுபவமில்லாத சாரதியை எவரும் எளிதில் அமர்த்துவதில்லை. அந்நிலையில், நம் கல்லூரியில் எனக்கு ஐந்து வகுப்பு மேலே பயின்ற அண்ணர் ஒருவர், தாம் பணிபுரியும் கொம்பனியில் எனக்காகப் பேசினார். அவர் சொல்லை நம்பியே அவர்கள் எனக்கு இடமளித்தனர்.

எல்லை கடக்கும் வேலை அது. ரொறன்ரோவிலிருந்து 401 ஆம் நெடுஞ்சாலை வழியே வின்சர் சென்று, பாலத்தாற் டிற்றோயிற் நகரை அடைந்து, அமெரிக்காவின் தென்மாநிலங்கள்வரை செல்லல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறையே வீடு காணலாம். ஒரு திங்கட்கிழமை அறிமுகப் பயிற்சி தொடங்குவதாகவும், அன்று காலையே போதைப்பொருட் சோதனை நடைபெறுமெனவும் அறிவித்து, மூன்று நாளைக்கு விடுதி அறையும் ஒழுங்கு செய்திருந்தனர்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை என் மாமனார் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். என் மனைவி இரவுப் பணி செய்யும் தாதி. பிள்ளைகள் இருவரும் சிறுவர். யான் தொலைதூரம் சென்றால் இரவிற் கிழவரைப் புரட்டிப் படுக்கவைப்பாரும் இல்லை. பிள்ளைகளுக்குக் கதவு திறப்பாரும் இல்லை. புதன்கிழமை இரவு, இவ்வேலை ஆகாதென்று இருவரும் முடிவு செய்தோம்.

முடிவு செய்தல் எளிதாயிருந்தது, சொல்லுதல் அரிதாயிற்று. நண்பர் ஒருவர், “போகாமல் இருந்துவிடு. தொலைபேசியை எடுக்காதே. இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள்” என்றார். உண்மையைச் சொன்னால் அவ்வறிவுரை எனக்கு இனித்தது. எனக்கு அச்சம் இரண்டு. ஒன்று, அண்ணரின் முகத்தில் எப்படி விழிப்பதென்பது. மற்றது, சோதனைக்கு முன் விலகுபவனைப் பார்த்து, ‘சோதனைக்கு அஞ்சி ஓடினான்’ என்று உலகம் சொல்லுமே என்பது. யான் வெற்றிலையும் போடாதவன்!

இச்சோதனைபற்றிச் சிறிது விளக்கல் வேண்டும். 1991 இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின் வழிவந்த விதிகளின்படி, அந்நாட்டிற் பெரும் பாரவூர்தி செலுத்துவோர், கனடாவிலிருந்து செல்வோர் உட்பட, அவ்வேலையைத் தொடங்குமுன் இச்சோதனையில் தேறல் வேண்டும். கனடாவில் 2018 இற் கஞ்சா சட்டத்துக்கு உடன்பட்டதாயிற்று; ஆயினும் எல்லை கடக்கும் சாரதிக்கு அது விலக்கே. வேலைக்கு முந்திய சோதனை தொடங்குமுன் ஒருவர் விலகிக்கொண்டால் அது குற்றமன்று. தொடங்கியபின் முடிக்காது வெளியேறினாலோ, தேறாதவனுக்குரிய விளைவே அவனுக்கும் வரும். 2020 முதல் அத்தகைய மறுப்பு அமெரிக்க அரசின் பதிவேட்டில் ஏறுகின்றது; சாரதியை அமர்த்துமுன் பிற கொம்பனிகளும் அதனைப் பார்க்கும். ஆகவே, ‘திங்கட்கிழமை போய்ப் பார்த்து முடிவு செய்வோம்’ என்பதும் அறிவுடைமையன்று.

அவ்விரவு உறக்கம் வராமற் கிடந்தபோது எட்டாம் வகுப்பு வாணி விழா நினைவுக்கு வந்தது. பூசைக்குப் பூக் கொண்டுவருவதாக யான் ஏற்றிருந்தேன். முதல்நாள் மழையிற் செடியெல்லாம் சாய்ந்துவிட்டது. அச்சத்தால் ஒருவருக்கும் சொல்லாது, மறுநாள் வெறுங்கையோடு பிந்திச் சென்று கடைசி வரிசையில் நின்றேன். ஆசிரியர் அடிக்கவில்லை. “இல்லையென்று நேற்றே சொல்லியிருந்தால், வேறொரு வீட்டிற் பூக் கொய்திருப்போமே, தம்பி” என்று மட்டும் கூறினார். பூசை பிந்தியது.

வியாழக்கிழமை காலை, முதலில் அண்ணரை அழைத்தேன். கேட்டுச் சற்று மௌனமாயிருந்தார். பின்னர், “எனக்கு முதலிற் சொன்னது நல்லது. இப்போதே கொம்பனிக்கும் சொல். காரணத்தை ஒரு வரியிற் சொல். நீட்டினால் சந்தேகமும் நீளும். பிறகு வருவேனென்று பொய்வாக்குக் கொடாதே” என்றார். சோதனைபற்றிய என் அச்சத்தையும் சொன்னேன். “உன்னை எனக்குத் தெரியும், தம்பி” என்றார். அச்சொல் போதுமானதாயிற்று.

கொம்பனியின் ஆட்சேர்ப்பு அலுவலரிடம் தொலைபேசியிற் பேசியபின், சொன்னது எழுத்திலும் இருக்கட்டுமென்று மின்னஞ்சல் அனுப்பினேன். என்னைத் தேர்ந்தமைக்கு நன்றி. வீட்டில் நேர்ந்த கடும் நோயினால் இவ்வேலையை ஏற்க இயலவில்லை. திங்கட்கிழமைக்குரிய சோதனையையும் விடுதி அறையையும் நீக்கிவிட வேண்டுகிறேன். ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இவ்வளவே அக்கடிதம். சம்பளத்தைக் குறைகூறவுமில்லை, மற்றொரு வேலையோடு ஒப்பிடவுமில்லை.

இரண்டு வரிப் பதில் வந்தது. அதில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. அவர்கள் என்னை மீண்டும் அழைக்கவுமில்லை. ஆனால், காத்திருந்த வேறொருவர் அத்திங்கட்கிழமை என் இடத்தில் அமர்ந்தாரென்று அண்ணர் பின்னர் சொன்னார். யான் வாளாவிருந்திருந்தால் அந்நாற்காலி வெறிதாய்க் கிடந்திருக்கும்.

மாமனார் பதினான்கு மாதம் எங்களோடு இருந்தார். அவர் மறைந்தபின், இரவில் வீடு திரும்பத்தக்க பாரவூர்தி வேலையொன்று வேறிடத்திற் கிடைத்தது. அதற்கும் எனக்காகப் பேசியவர் அதே அண்ணர்தாம்.

ஏற்றுக்கொண்டதைச் செய்ய இயலாத நாள் எவர்க்கும் வரும். அதை உரிய காலத்திற் சொல்லிவிடின் பிறர் வேறு வீட்டிற் பூக் கொய்துகொள்வர். இதனைக் கற்பித்த கல்லூரித் தாய்க்கு என் வணக்கம்.