தையில் தொடங்கும் மேடை

ஆவணி 4

எங்கள் ஊர்ச் சபாவின் நிர்வாகக் குழு இன்று மாலை கூடி, வருகிற பருவத்தின் நாடகங்களையும் கச்சேரிகளையும் பற்றி ஆலோசித்தது. மார்கழி மாதம் முழுவதும் பெயர்பெற்ற வித்வான்கள் சென்னையில் ஒரு மேடையிலிருந்து மறு மேடைக்கு விரைந்துகொண்டிருப்பார்களாதலால், காவிரிக் கரையில் உள்ள எங்களைப் போன்றோர் அவர்களை அழைப்பதற்கு அந்த ஆரவாரம் ஓயும் வரையில் காத்திருப்பதே முறை. அதிலும், மார்கழிக் கடைசியிலோ தை மாதத்திலோ வருகிற புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜ சுவாமிகளின் ஆராதனைக்காக அவர்கள் திருவையாற்றுக்கு வரும்போது, அதையொட்டி ஒரு மாலைப் பொழுதை எங்களுக்கு ஒதுக்கித் தரும்படி வேண்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கச்சேரிகளின் விஷயத்தில் அபிப்பிராய பேதமே எழவில்லை. நாகஸ்வரத்தில் தொடங்கி, வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல் என்று கால் மணி நேரத்தில் முடிவாயிற்று.

நாடகம் என்ற பேச்சு எழுந்தவுடன் சபை மௌனமாயிற்று. ஜனங்கள் தொலைக்காட்சியை விட்டு எழுந்து வரமாட்டார்கள் என்றார் ஒருவர். சென்னையிலிருந்து ஒரு ஹாஸ்ய நாடகக் குழுவை ஒரே ஒரு நாள் வரவழைத்துக் கடமையை முடித்துக்கொள்ளலாம் என்றார் மற்றொருவர். இந்த ஊரார் தாமே நடிக்கும் நாடகம் ஒன்றாவது இந்தப் பருவத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். விருந்தினரை அழைத்து உபசரிப்பது மட்டுமே ஒரு சபாவின் தர்மமாகாது என்பது என் திடமான நம்பிக்கை.

ஆவணி 7

பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடியும் வாசித்தேன். 1891-ஆம் ஆண்டில், பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாசார்லு என்பவர் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து ஆடிய நாடகங்களைக் கண்டு, கற்றவர்களும் உத்தியோகஸ்தர்களும் கௌரவக் குறைவின்றி மேடை ஏறலாம் என்பதை உணர்ந்த பதினெட்டு வயது இளைஞர் அவர். அதே ஆண்டில் தம் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கூத்தாடிப் பிழைப்பவர் என்று நாடகக்காரரை ஊர் இகழ்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், வக்கீல்களும் ஆசிரியர்களும் பகலில் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வந்து வேஷம் தரித்தார்கள் என்பது எவ்வளவு பெரிய காரியம்! சத்தியமூர்த்தி போன்ற தேசத் தலைவரும் அந்தச் சபையின் மேடையில் நடித்தவர்தாம். விடிய விடிய நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, பாட்டுகளின் நடுவே திணறிக்கொண்டிருந்த வசனத்துக்கு உயிர் கொடுத்ததும் சம்பந்த முதலியாரின் உபகாரமே. பின்னாளில் நியாயாதிபதியாக உயர்ந்த பிறகும் அவர் மேடையைத் துறக்கவில்லை.

பணத்துக்காக அல்லாமல் பிரியத்துக்காக நடிப்பவர்களின் பரம்பரை நமக்கு இருக்கிறது. அது அறுந்துபோக நாம் காரணமாகலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்பேன்.

ஆவணி 8

நாடகத்தையும் சங்கீதத்தையும் இருவேறு ரசிகர்களின் உடைமைகளாகப் பிரித்துவிட்டது நம் காலத்தின் துரதிருஷ்டம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நடைபெற்ற கொட்டகைகளுக்கு வந்த ஜனங்கள் கதைக்காக மட்டும் வந்தவர்கள் அல்லர். கிட்டப்பாவின் சாரீரத்தையும் சுந்தராம்பாளின் சாரீரத்தையும் கேட்பதற்காகவே கட்டுச்சோற்றுடன் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். 1933-இல், இருபத்தேழு வயதிலேயே கிட்டப்பா மறைந்தபோது நாடக மேடைக்கு நேர்ந்த நஷ்டம் சங்கீதத்துக்கும் நேர்ந்த நஷ்டமேயாகும். ஆகவே, நாடகத்துக்கென்று தனிச் சீட்டு, கச்சேரிக்கென்று தனிச் சீட்டு என்னும் ஏற்பாட்டை ஒழித்து, பருவம் முழுவதற்கும் ஒரே சந்தாவாக வைக்க வேண்டும். வீணை கேட்க வருகிறவர் நாடகமும் பார்ப்பார். நாடகத்துக்கு வந்த பிள்ளை, பக்கத்தில் இருக்கும் தாத்தாவைப் பின்பற்றித் தாளம் போடக் கற்பான்.

ஆவணி 18

எந்த நாடகம் என்ற கேள்விக்கு இன்று விடை கிடைத்தது. சம்பந்த முதலியாரின் 'மனோகரா'வின் மீது எனக்கு உள்ள பக்தி சிறிதும் குறையவில்லை. ஆயினும் அரண்மனைப் படுதாவும் கிரீடமும் அங்கவஸ்திரமும் தேடி அலையாமல், ஊரார் தம் சொந்த முகத்தோடு மேடையேறக் கூடியது கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' என்று நான் வாதாடினேன். 1980-இல் மேடையேறி, மறு ஆண்டே பாலசந்தரின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்த அந்நாடகத்தில், ஒரு சொட்டுத் தண்ணீருக்காகத் தவிக்கும் கிராமமே கதாநாயகன். இத்தனை பேருக்குத்தான் வேஷம் என்று கதவைச் சாத்த வேண்டிய அவசியம் அதில் இல்லை. மேட்டூர் அணை திறக்கும் நாளை எதிர்பார்த்து நாற்றங்கால் விடுகிற எங்கள் ஜனங்களுக்கு, தண்ணீருக்குக் காத்திருப்பது இன்னதென்று வியாக்கியானம் செய்து காட்ட வேண்டியதுமில்லை. தெற்கத்திக் கரிசல் காட்டின் பேச்சைத் தஞ்சாவூர் நாக்கு பேசுமா என்ற ஐயம் ஒன்றே எஞ்சியது. அதற்குப் பழக்கமே மருந்து.

சம்பந்த முதலியாரின் சபையில் அந்நாளில் பெண் வேஷங்களையும் ஆடவரே பூண்டார்கள். ரங்கவடிவேலு அவற்றில் பெரும் புகழ் பெற்றவர். இன்றோ, பெண்கள் பள்ளியின் தமிழாசிரியை ஒருவர், தமக்கும் தம் மாணவிகள் சிலருக்கும் இடம் வேண்டுமென்று தாமாகவே கேட்டு வந்திருக்கிறார். அவர் கேட்ட கம்பீரத்தைக் கண்ட பின், ஜனங்கள் வரமாட்டார்கள் என்று சொன்ன அன்பரே அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

புரட்டாசி 3

நிகழ்ச்சி நிரல் அச்சுக்குச் சென்றுவிட்டது. தையில் நாகஸ்வரம்; மாசியில் வாய்ப்பாட்டும் வீணையும்; பங்குனியில் எங்கள் நாடகம், அடுத்தடுத்து இரண்டு இரவுகள்; சித்திரையில் புல்லாங்குழலும், சென்னைக் குழுவின் ஹாஸ்ய நாடகமும். நாடகாசிரியரின் குடும்பத்தாரிடமிருந்து அனுமதிக் கடிதம் வந்த பிறகே நாடகத்தின் பெயரை அச்சிட வேண்டுமென்று வற்புறுத்தினேன். கடிதமும் நேற்று வந்து சேர்ந்தது. ஞாயிறுதோறும் மாலையில் ஒத்திகை. பின் வரிசைக்கும் கேட்கும்படி, ஒலிபெருக்கியின் தயவின்றி வசனம் பேசப் பழக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கோவிலூர்ச் சாலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவருக்கு இயல்பாகவே அந்தக் குரல் வாய்த்திருக்கிறது. அவரைக் கொண்டே மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும்.