பன்னிரண்டாம் நாள்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல், "மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கப்பா" என்று அழுதுவிட்டேன். வருஷா வருஷம் மருந்தியல் வகுப்பில் நான் நடத்தும் பாடம்தான் அது. பிள்ளைகளுக்குச் சொல்ல வருவது உங்களிடம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காரணம் தெரியாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத இயற்பியல் வாத்தியாருக்கு, அழுகை ஒரு பதிலாகாது.

"செரோடோனின் கொறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றார். அளந்து பார்த்தாரா? பன்னெண்டு நாளா போடறேன், குமட்டல்தான் மிச்சம்" என்றீர்கள்.

அளக்கவில்லை அப்பா. அளந்து சொல்லப் பரிசோதனையே கிடையாது. உடம்பிலுள்ள செரோடோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதைத் தட்டணுக்கள் சுமந்துகொண்டு திரிகின்றன. 1948-இல் கிளீவ்லாந்தில் அதை முதலில் பிரித்தெடுத்தவர்கள்கூட ரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள். மூளையிலும் அது இருக்கிறது என்பது 1953-இல்தான் தெரியவந்தது. ரத்தத்தில் ஓடும் செரோடோனின் மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அப்புறம் ரத்தத்தை எடுத்து எதை அளப்பது?

'குறைவு' என்பது நோயாளிக்குச் சுலபமாக விளங்கட்டும் என்று சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட பேச்சு. 2022-இல் லண்டனில் ஒரு குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வுக்குச் செரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியது. அது சரி என்றே நானும் நினைக்கிறேன். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதிலிருந்து 'மாத்திரையும் பொய்' என்று நீங்கள் தாவுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால், இந்தக் கதையில் மருந்துதான் முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது. ராக்கெட் எரிபொருளாகப் பயன்பட்ட ஹைட்ரசீன் உங்களுக்குத் தெரியும். அதன் வழிவந்த இப்ரோனியாசிட் என்ற மருந்தை 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து பசி என்றார்கள், வார்டில் ஆடினார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனசைத் தொட்டுவிட்டது. செரோடோனினையும், அதைப் போன்ற இன்னொரு மூளை வேதிப்பொருளான நார்எபினெஃப்ரினையும் சிதைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது என்பதைக் கொண்டு, பிறகு ஆட்கள் பின்னோக்கி யோசித்தார்கள்: இவை கூடினால் மனம் தெளிகிறது, அப்படியானால் குறைந்ததால்தான் சோர்வோ? அந்த யூகம்தான் இன்று உங்கள் டாக்டர் வாயில் வருகிறது.

உங்கள் மாத்திரை அந்த நொதியைத் தொடுவதில்லை. ஒரு நரம்பு செல் அடுத்ததற்குச் சேதி சொல்லச் செரோடோனினை இடைவெளிக்குள் விடுகிறது. சேதி சேர்ந்ததும் விட்ட செல்லே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நார்எபினெஃப்ரின் இப்படித்தான் திரும்ப உள்ளே போகிறது என்று 1961-இல் காட்டியவர் ஜூலியஸ் ஆக்சல்ராட். 1970-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உங்கள் மாத்திரையான எஸ்சிடலோபிராம் செரோடோனினை உறிஞ்சும் அந்த வாயை அடைக்கிறது. சிடலோபிராம் என்ற மூலக்கூறுக்கு, வலது கையும் இடது கையும் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. வேலை செய்யும் வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்ததுதான் உங்கள் மாத்திரை.

அந்த வாய் சில மணி நேரத்திலேயே அடைபட்டுவிடுகிறது. பிறகு ஏன் பன்னிரண்டு நாளாகியும் ஒன்றுமில்லை? இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து அந்த ஈருலோகப் பட்டையை எனக்குக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? சூடு ஏறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். செரோடோனின் செல்களின் மேலும் அப்படியொரு பட்டை உண்டு. தன்னைச் சுற்றிச் செரோடோனின் கூடியதை உணர்ந்ததும் அது செல்லின் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. மாத்திரை ஒரு பக்கம் ஏற்ற, செல் மறுபக்கம் இறக்குகிறது. இரண்டு மூன்று வாரம் இப்படியே போனபின் அந்தப் பட்டை மரத்துப்போகிறது, செல் பழையபடி துடிக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் மாத்திரையின் முழு வேலையும் தெரியவரும் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். நரம்புகளுக்கிடையே புதிய இணைப்புகள் முளைக்கவும் நாள் பிடிக்கிறது. பன்னிரண்டாம் நாள் என்பது பட்டை இன்னும் வளைந்திருக்கும் நேரம் அப்பா.

குமட்டலுக்குக் காரணம் குடலிலுள்ள அந்தச் செரோடோனின்தான். காலைப் பலகாரத்துக்குப் பிறகு போடுங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

அத்தை சொன்ன வென்லாஃபாக்சின் என்ற மருந்து, கூடிய அளவில் நார்எபினெஃப்ரினையும் பிடிக்கும். மூளைத்தண்டில் 'நீல இடம்' என்றே பெயர் வைத்த ஒரு சின்னப் புள்ளியிலிருந்து மூளை முழுக்கக் கிளை விடுகிறது நார்எபினெஃப்ரின் நரம்புக் கூட்டம். விழிப்பும் கவனமும் அதன் பொறுப்பு. ஆனால் அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். பிரஷர் இருக்கும் உங்களுக்கு முதலில் எஸ்சிடலோபிராம் கொடுத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

இது எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சிடலோபிராமை வைத்து நடந்த பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே முழுதாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்களில் பலருக்கு மருந்தை மாற்றியோ கூட்டியோ பலன் கிடைத்தது. ஆறு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம். நிறுத்துவதானாலும் டாக்டரிடம் கேட்டு, அளவைக் குறைத்துக் குறைத்துத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றல் வரலாம், சிலருக்கு மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும்.

"உங்கம்மா போனதுக்கு மாத்திரையா?" என்று கடைசியில் கேட்டீர்களே, அதற்குத்தான் என்னால் பேச முடியாமல் போனது. அம்மாவை மறக்கடிக்க எந்த மாத்திரையும் இல்லை அப்பா, இருந்தால் நானே உங்களுக்குக் கொடுக்க மாட்டேன். எட்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கிறீர்கள். பதினோரு கிலோ குறைந்துவிட்டீர்கள். அம்மாவைப் பற்றிப் பேசக்கூட உங்களுக்குத் தெம்பில்லை. அம்மாவை நினைத்து நீங்கள் உட்கார்ந்து அழவாவது முடியவேண்டும் என்றுதான் நான் இதைக் கேட்கிறேன்.

மூன்று காரியம் மறக்கக் கூடாது. உங்கள் வயதில் இந்த மருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம், தட்டணுக்களும் செரோடோனினை நம்பியிருப்பவைதான். மலம் கறுத்துப் போனால் உடனே போன் செய்யுங்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டிரமடால் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் அளவு மீறிக் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சோடியம் ரிப்போர்ட்டை மேஜைமேல் எடுத்து வையுங்கள். ராத்திரி விழிப்பு வந்தால் தனியாகக் கிடக்காமல் எனக்குப் போன் செய்யுங்கள், மூன்று மணியானாலும் எடுப்பேன்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்